கால் தரையில் படும்வரை

எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். மெட்டின் மூன்றாவது பகுதியில், உச்சி ஸ்வரத்தில், அக்கார்டியன் பெட்டியின் துருத்தியை முழுக்க விரித்துப் பிடித்தபடி க்ளிஃப் டிம்ஸ் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு பிடில்களும் புல்லாங்குழலும் அடுத்த சுற்றில் பாதி தூரம் ஓடியிருந்தன. நெடுஞ்சாலை நடுவில் பழுதாகி நின்ற லாரியைக் கார்கள் சுற்றிக்கொண்டு போவதுபோல, அந்த ஒற்றை ஸ்வரத்தைச் சுற்றிக்கொண்டு மற்ற ஸ்வரங்கள் போயின. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. அயர்லாந்துக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

மெட்டு முடிந்ததும் மார்ட்டி ஹெயர் தன்னுடைய அறுகோணத் துருத்திப் பெட்டியை மடியில் இறக்கிவைத்தார். அந்த இங்கிலாந்துச் சிற்றூர் பப்பில் அயர்லாந்துக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வாசிப்பைத் தொடங்கி நடத்திவருபவர் அவர்தான்.

"கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. நடுவுல எதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"அவங்க கீழ வரணுமில்ல" என்றார் க்ளிஃப்.

"யாரு?"

க்ளிஃப் மேசையைச் சுற்றிப் பார்த்தார். வாசிப்பவர்கள், அவர்களுடைய கிளாஸ்கள், பிரித்துவைத்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்று. எழுந்து நின்றவர்கூட யாருமில்லை.

"ஆடறவங்க."

மார்ட்டி தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். பக்கத்தில் பிடிலோடு இருந்த நோராவும் பார்த்தார்.

"இன்னும் வரலையே" என்றார் மார்ட்டி.

க்ளிஃபுக்குக் காது சூடானது. இருபத்தாறு வருடப் பழக்கம் அது. மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற ஆட்டத்தை ஆடும் உள்ளூர்ச் செட்டுக்குப் பெட்டி வாசிப்பவர் அவர். வெள்ளை உடுத்தி, முழங்காலுக்குக் கீழே மணி கட்டி, கைக்கொரு கைக்குட்டையுடன் ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்தில், எல்லோரும் உயரக் குதிக்கிற இடம் ஒன்று வரும். ஆடுபவன் மேலே இருக்கும்வரை மெட்டு நிற்க வேண்டும். அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் அடுத்த ஸ்வரம். பெட்டிக்காரன் பெட்டியைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறான். காலே இல்லாத இடத்தில் உட்கார்ந்து வாசித்தது அவருக்கு அன்றுதான் முதல்முறை.

ஆனால் அவர் வாசிக்க வரவில்லை. நோராவிடம் ஓர் உதவி கேட்க வந்திருந்தார். வந்தவர் கேட்டதோடு போயிருக்கலாம். அவர்கள் 'விதவையின் வாத்துகள்' என்று ஒரு ஜிக் நடன மெட்டை எடுத்தார்கள். அது அவருடைய செட்டின் சொந்த ஆட்டமான 'பாதிரியாரின் ஏணி'யின் மெட்டாக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை.

"அது எங்க மெட்டு" என்றார், கௌரவத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ள.

"எடுத்துக்கப்பா" என்றார் நோரா. "உங்க பட்டாளத்தான் எங்க ஊர்ல விட்டுட்டுப் போனானோ, எங்க ஆளுங்க உங்க ஊருக்கு அறுவடைக்கு வந்தப்ப தூக்கிக்கிட்டுப் போனாங்களோ, யாருக்குத் தெரியும்? திருப்பி வேணும்னா சொல்லு. கழுவிக் குடுக்கறேன்."

மேசை சிரித்தது. க்ளிஃபும் சிரித்துவைத்தார்.

நோரா கில்ஃபாய்ல் எழுபதைத் தாண்டியவர். அயர்லாந்தின் டிப்பரரியிலிருந்து செவிலிப் படிப்புக்கு வந்து, ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். ஊரில் பாதிப் பேரைத் தலைகீழாகப் பிடித்தவர் என்று சொல்வார்கள். பிடில் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணுக்கு மேலே புருவம் மட்டும் ஆடும்.

"உன்னை எனக்குத் தெரியும். நூலகத்துல பேசினியே. நான் வந்திருந்தேன்" என்றார்.

க்ளிஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா! எப்படி இருந்தது?"

"வெளிய மழை."

இங்கிலாந்தின் இசை யாரிடமும் எதையும் வாங்கியதல்ல என்பது அந்தப் பேச்சின் சாரம். வந்திருந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி அவர் மனைவி ஹேசல், ஒருவர் நூலகர். கெல்டிக் என்று கடையில் சீட்டு ஒட்டி விற்கிற அயர்லாந்து, ஸ்காட்லாந்துச் சரக்கெல்லாம் பனிமூட்டத்தின் இசை, நம்முடையது காலின் இசை என்று க்ளிஃப் அன்று ஒரு வாக்கியம் சொன்னார். மூன்று வாரம் செதுக்கிய வாக்கியம். சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விட்டார். நூலகர் ஜன்னலைச் சாத்தப் போனார்.

"நான் டிப்பரரிக்காரி" என்றார் நோரா. "கெல்டிக்குங்கிற வார்த்தையையே உங்க ஊர் கேசட் கடையிலதான் முதல்ல பாத்தேன். அட்டை பூரா பனிமூட்டம். எங்க ஊர்ல பனிமூட்டம் வந்தா மாட்டைப் புடிச்சு உள்ள கட்டுவோம். வாசிச்சுக்கிட்டு நிக்க மாட்டோம். சரி, எதுக்கு வந்தே?"

க்ளிஃப் வலது கையை மேசைமேல் வைத்தார். சுண்டுவிரல் நிமிரவில்லை. உள்ளங்கையைப் பார்த்து மடங்கி, எதையோ ஒளித்துவைத்திருப்பதுபோல் இருந்தது.

நோரா அந்த விரலை இரண்டு விரலால் பிடித்து, மீன் வாங்குகிறவர்போலத் திருப்பிப் பார்த்தார். "எப்ப வெட்டறாங்க?"

"அடுத்த வாரம்."

"இதுக்கு என்ன பேர்னு சொன்னாங்களா?"

சொன்னார்கள். டாக்டர் சொன்னபோது ஹேசல் கூட இருந்ததுதான் துரதிர்ஷ்டம். "வடக்குப் பக்கத்து ஆட்களுக்கு நிறைய வரும், கெல்டிக் கைன்னுகூட ஒரு பேர் உண்டு" என்றார் அந்தப் பெண் டாக்டர். ஹேசல் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டாள். க்ளிஃப் தன் வம்சம் முந்நூறு வருடமாக ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரைவிட்டு நகராதது என்றும், வேறு பெயர் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். "ஒரு பிரெஞ்சுக்காரர் பேர் இருக்கு, அது பரவாயில்லையா?" என்றார் டாக்டர். ஹேசல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

விரல் மடங்க ஆரம்பித்து இரண்டு வருடமாகியிருந்தது. எட்டாத ஸ்வரங்களை அவர் விட்டுவிட்டு வாசித்தார். கேட்டவர்களிடம் பழைய பாணியில் அந்த ஸ்வரம் கிடையாது என்றார். சிலர் நம்பினார்கள். ஒரு கட்டத்தில் அவரே நம்பினார்.

"விட் திங்கக்கிழமை செட்டு ஆடணும்" என்றார் நோராவிடம். மே மாதக் கடைசியில் வருகிற அந்த விடுமுறை நாளில்தான் சந்தைச் சதுக்கத்தில் செட்டு ஆடும். "எனக்குக் கையில கட்டு இருக்கும். வாசிக்க ஆள் இல்லை."

"ஊர்ல வேற பெட்டிக்காரனே இல்லையா?"

இருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் க்ளிஃப் ஏதாவது குறை சொன்னார். ஒருவன் ரொம்ப வேகம், ஒருத்தி பெட்டியைப் பார்த்து வாசிக்கிறாள், ஒருவனுக்குத் தாடி. தான் இல்லாவிட்டால் செட்டு இல்லை என்ற நிலைமையை உண்டாக்க அவர் இருபத்தாறு வருடம் உழைத்திருந்தார். உழைப்பு வீண்போகவில்லை.

"இல்லை" என்றார்.

"புதன்கிழமை ஒத்திகைதானே? வர்றேன்" என்றார் நோரா.

*

க்ளிஃப் மோரிஸ் செட்டில் சேர்ந்தது ஆடுவதற்கு. அவருக்கு அப்போது முப்பதுகளின் நடுப்பகுதி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறர் காலைப் பார்ப்பது. கிளட்ச்சில் ஒரு கால், பிரேக்கில் ஒரு கால், இரண்டும் தப்பாகும்போது மிதிக்கத் தன் பக்கத்தில் ஒரு தனி பிரேக். உட்கார்ந்து உட்கார்ந்து வயிறு போடுகிறது, எங்கேயாவது போய்க் குதி என்று ஹேசல் சொன்னாள். குதிக்கிற இடமாக மோரிஸ் அகப்பட்டது.

குதித்தார். பிரச்சினை அதில் இல்லை. எல்லோரும் எழும்புவதற்கு முன்னால் எழும்பினார், எல்லோரும் இறங்கிய பிறகு இறங்கினார். இடையில் எங்கே இருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற ஐந்து பேரின் மணியும் ஒரே சத்தமாக விழும், பின்னாலேயே இவருடையது மட்டும் சாவிக்கொத்து நழுவினதுபோல் தனியாக விழும். அப்போதைய தலைவர் இரண்டு பருவம் பொறுத்தார். மூன்றாவது பருவம் அலமாரியிலிருந்து பழைய பெட்டி ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"க்ளிஃப், நீ இதைப் புடிச்சுக்க. கால் தரையிலேயே இருக்கட்டும். எல்லாருக்கும் நல்லது."

அப்படித்தான் அவர் இசைக் கலைஞர் ஆனார். விரல் சுமார்தான். ஆனால் யார் எவ்வளவு நேரம் மேலே இருப்பார் என்பதில் அவர் ஒருமுறையும் தவறியதில்லை. கசாப்புக்கடை ட்ரெவர் கனம், சீக்கிரம் வந்துவிடுவார். இப்போதைய தலைவன் நைஜல் ஒல்லி, கொஞ்சம் மிதப்பான். ஆறு பேரும் சேர்ந்து இறங்குவதுபோல் பார்வையாளருக்குத் தோன்றும். தோன்றவைத்தது அவருடைய துருத்தி. இதை யாரும் கவனித்ததாக அவருக்குத் தெரியவில்லை, ஆகவே அவரே அடிக்கடி சொல்லிவந்தார்.

*

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த புதன்கிழமை பள்ளிக்கூட ஹாலில் நோரா பிடிலைச் சுருதி சேர்த்தார். க்ளிஃப் வலது கையில் முழங்கை வரை கட்டும் பிளாஸ்டிக் பட்டையுமாக நாற்காலியில் இருந்தார்.

நைஜல் ஊரில் வீடு விற்றுக்கொடுக்கிறவன், நாற்பது வயது. நோராவுக்கு வணக்கம் சொல்லிக் கை நீட்டினான்.

"உன்னைத் தெரியும்" என்றார் நோரா. "பென்ஃபோல்ட் வீட்டுப் பையன்தானே? காலை முதல்ல நீட்டிக்கிட்டு வந்தவன். அப்பவே நெனைச்சேன், இது எங்கயோ ஆடப்போகுதுன்னு."

அதற்குமேல் நைஜலால் அங்கே தலைவனாக இருக்க முடியவில்லை.

முதல் ஆட்டம் சாதாரணமானது, குதிப்பு இல்லாதது. நோரா கண்ணை மூடி வில்லைப் போட்டதும் ஆறு பேர் முதுகும் நிமிர்ந்தது. இத்தனை வருடமாக வண்டி இழுத்தவர்களுக்குச் சக்கரத்தில் யாரோ எண்ணெய் விட்டதுபோல் இருந்தது. ட்ரெவரே பூனை மாதிரி நடந்தார். ஆட்டம் முடிந்ததும், ஒத்திகையில் யாரும் கைதட்டுவதில்லை என்பதை மறந்து கைதட்டினார்கள். க்ளிஃப் தன் கட்டுப்போட்ட கையைக் காட்டி, கைதட்ட முடியாததற்கு வருந்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

அடுத்தது பாதிரியாரின் ஏணி.

குதிப்பு வரும் இடம் வந்தது. ஆறு பேரும் எழும்பினார்கள். மெட்டு எழும்பவில்லை. அது பாட்டுக்கு, சுத்தமாக, ஒரு மயிரிழை பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. ஆறு பேரும் இறங்கியபோது அது தெருமுனையைத் தாண்டியிருந்தது. துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

"நோரா, அந்த இடத்துல நிக்கணும்" என்றார் க்ளிஃப்.

"எவ்வளவு நேரம்?"

"அவங்க இறங்கற வரைக்கும்."

"அது எவ்வளவு நேரம்?"

க்ளிஃப் யோசித்தார். அவருக்குத் தெரியாது. இருபத்தாறு வருடம் செய்தது என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "காலைப் பாத்தா தெரியும்."

"கண்ணைத் திறந்தா எனக்கு வாசிக்க வராதுப்பா."

"ஏன்?"

"காவென்ட்ரி ஹால்ல சனிக்கிழமை சனிக்கிழமை நானூறு பேருக்கு வாசிச்சவ நான். கண்ணைத் திறந்தா என்னோட பழைய ஆள் எவனாவது எவளையாவது புடிச்சுக்கிட்டு ஆடறது தெரியும். மூடிப் பழகிட்டேன். அதோட, எங்க பக்கம் ஆடறவன்தான் மெட்டைப் புடிச்சுக்கணும். மேல போனவன் மேலயே இருந்தா அது அவன் பாடு."

"எங்க பக்கம் அவன் பாடு எங்க பாடு."

"இத்தனைக்கும் ஒரே மெட்டு" என்றார் நோரா. வருத்தமாகச் சொன்னாரா கேலியாகவா என்று தெரியவில்லை.

மறுபடி முயன்றார்கள். க்ளிஃப் பக்கத்தில் நின்று "இப்ப!" என்று கத்திப் பார்த்தார். கத்தல் காதில் விழுந்து வில் நிற்பதற்குள் கால்கள் இறங்கிவிட்டன. நோரா நின்றபோது ஆட்டக்காரர்கள் ஓடினார்கள், ஆட்டக்காரர்கள் நின்றபோது நோரா ஓடினார். கடைசி முறை ட்ரெவர், மெட்டைப் பிடித்துவிடலாம் என்று காற்றிலேயே அவசரப்பட்டார். காற்றில் அவசரப்பட முடியாது. கணுக்கால் மடிந்து, ஹால் அதிர உட்கார்ந்தார்.

எல்லோரும் ட்ரெவரிடம் ஓடினார்கள். க்ளிஃப் ஓடுவதற்கு ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடி அவர் சந்தோஷமாக இருந்தார்.

ஹேசல் ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். எதிரே இருப்பவர் முகத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்த்துப் பழகியவள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஹாம் இறைச்சியை நறுக்கிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த அம்மாவால முடியலைன்னதும் உனக்கு எப்படி இருந்துச்சு?"

"கஷ்டமா இருந்துச்சு."

"காது செவக்குது, க்ளிஃப்."

"ட்ரெவருக்காகக் கஷ்டப்பட்டேன்."

"ரெண்டு காதும்."

அவர் ஹாமைத் தின்றார். நோராவைத் தேடிப்போனது செட்டுக்காகத்தான். ஆனால் நோரா நன்றாக வாசிக்க வேண்டும், ரொம்ப நன்றாக வாசிக்கக் கூடாது என்று உள்ளே ஒருவன் கேட்டிருந்தான். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. விலையாக ஏணி ஆட்டம் போனது. ஏணி ஆடாத விட் திங்கட்கிழமை என்பது ஊரில் யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. இந்த வருடம் ஆடாவிட்டால் அடுத்த வருடமும் ஏதாவது காரணம் வரும். ஏணி நின்றது யார் காலத்தில் என்று கேட்டால் க்ளிஃப் டிம்ஸ் காலத்தில் என்பார்கள். யார் கையால் என்றால், கெல்டிக் கையால்.

*

திங்கட்கிழமை தூறலோடு விடிந்தது. சதுக்கத்தில் குடைகளும் குழந்தைகளைத் தள்ளுகிற வண்டிகளும் ஒரு சுற்றுலாப் பேருந்துக் கூட்டமும் இருந்தன. ட்ரெவர் ஊன்றுகோலோடு பப் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து உண்டியலைக் குலுக்கினார். ஐந்து பேரோடு ஆடக்கூடிய ஆட்டங்களை நைஜல் பொறுக்கிவைத்திருந்தான்.

நோரா வாசித்தார். சந்தைப் பையோடு கடந்துபோகிறவர்கள் நின்றார்கள். இருபத்தாறு வருடமாக அதே சதுக்கத்தில், அதே பையோடு, க்ளிஃபைக் கடந்துபோனவர்கள். ஒரு கிழவர் காலால் தாளம் போட்டார். க்ளிஃப் அவரை அடையாளம் கண்டுகொண்டார். வருடா வருடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்.

பிற்பகலில் நைஜல் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே வந்தான்.

"இதோட முடிச்சுக்கலாம். ஏணி வேணாம்."

"ஜனங்க நிக்கறாங்களே" என்றார் க்ளிஃப்.

"ஆறாவது ஆள் இல்லை. இருந்தாலும் அந்தம்மா நிக்க மாட்டாங்க. இன்னொரு கணுக்கால் போனா அடுத்த வாரம் எனக்குப் பதிலா யாரு வீடு காட்டறது?"

"நான் நிக்கறேன் ஆறாவதா."

நைஜல் சிரிக்காமல் பார்த்தான். "பழைய தலைவர் சாகறதுக்கு முந்தி என்னைக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு."

"என்ன?"

"உன்னை ஆடவிடாதேன்னு."

"அவருக்குத் தெரியவா போகுது? நைஜல், விழுந்தா ஆறு பேரும் விழுவோம். ஏணில விழுந்தோம்னாவது இருக்கும்."

துணிச்சலாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. அன்றைக்கு அவருக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் அடிபடுவது. புதன்கிழமையின் அந்த ஒரு நொடிக்கு அதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றியது.

ட்ரெவர் பப் கழிப்பறையில் வெள்ளைக் கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அது க்ளிஃபுக்கு இரண்டு பேர் அளவு. இடுப்பில் கயிறு கட்டினார். மணிப்பட்டையை ஹேசல் மண்டிபோட்டுக் கட்டிவிட்டாள். ஒரு கைக்குட்டையை இடது கையில் கொடுத்து, இன்னொன்றை வலது கைப் பட்டையில் முடிச்சுப்போட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்க ஞாபகமிருக்கா?"

"கையை உயரத் தூக்கி வைக்கணும்னாங்க."

"ஆமா. அதையாவது செய்."

நோரா ஏணியைத் தொடங்கினார். கண் மூடியிருந்தது. க்ளிஃப் கடைசி வரிசையில், இடது பக்கம். நடைகள் எப்படியோ போயின. ட்ரெவரின் கால்சட்டை ஒரு திருப்பம் பின்னால் வந்தது. கூட்டத்தில் சிரிப்பு கேட்டது, குழந்தைகள் அவரையே பார்த்தன. குதிப்பு வந்தது. அவர் எல்லோருக்கும் முன்னால் எழும்பினார்.

மணி அவரைக் காட்டிக்கொடுத்தது. ஐந்து பேரின் மணியும் ஒன்றாகக் குலுங்குவதற்கு முன்னால் இவருடையது தனியாகக் குலுங்கியது, அலமாரியிலிருந்து கரண்டிகள் சரிந்ததுபோல. காவென்ட்ரியின் நானூறு பேருக்குத் திறக்காத கண்ணை நோரா திறந்தார். எங்கேயோ எதுவோ உடைந்துவிட்டது என்று செவிலிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பார்த்தார். கட்டுப்போட்ட கை வானத்தைக் காட்ட, கால்சட்டை பாய்மரம்போல் விரிய, கண்ணாடி மூக்கை விட்டு எழும்பியிருக்க, க்ளிஃப் டிம்ஸ் அந்தரத்தில் இருந்தார். மெட்டு நின்றது. ஸ்வரம் நிற்கவில்லை. வில்லின் கடைசி அங்குலத்தில் அதை இழுத்துப் பிடித்தார் நோரா, அந்த ஆள் கீழே வந்து சேரட்டும் என்று.

க்ளிஃபுக்கு அது கேட்டது. அந்த ஸ்வரத்தை ஆயிரம் தடவை பிடித்து நிறுத்தியவர் அவர். மேலிருந்து கேட்டதில்லை. அவர் ஆடிய பருவங்களில் பெட்டிக்காரர் அவருக்காகக் காத்ததில்லை, அவருக்காகக் காத்தால் மற்ற ஐந்து பேரும் வேர்விட்டுவிடுவார்கள். இப்போது அடியில் யாரோ கை கொடுத்துத் தாங்குவதுபோல் இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தார். அதற்குள் தரை வந்துவிட்டது. ஆறு பேர் மணியும் ஏறக்குறைய ஒன்றாக விழுந்தன. ஏறக்குறைய என்பதுதான் அவர்.

அதன் பிறகு நோரா கண்ணை மூடவில்லை. நான்கு குதிப்புக்கும் நின்றார். கடைசிக் குதிப்பில் க்ளிஃபின் கயிறு அவிழ்ந்தது. இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தார். அதுவும் ஆட்டத்தின் பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

பப்பில் கூட்டம் நெருக்கியது. ஹேசல் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தையும் ஊறவைத்த வெங்காயத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். சுற்றுலாப் பேருந்துத் தம்பதி ஒன்று க்ளிஃபிடம் வந்தது. அந்த அம்மாள் மரியாதையாக விசாரித்தாள்.

"ரொம்ப அழகா இருந்தது. நீங்கள்லாம் கெல்டிக்கா?"

நூலகப் பேச்சைக் கேட்டிருந்த ஹேசல் குனிந்து வெங்காயத்தைத் தேடினாள். க்ளிஃப் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"இது மட்டும்."

தம்பதி தலையாட்டிவிட்டு நகர்ந்தது. நோரா சிரித்துச் சிரித்து பியரை மடியில் சிந்திக்கொண்டார்.

"கண்ணைத் திறந்து வாசிச்சீங்க" என்றார் க்ளிஃப்.

"பின்ன என்ன பண்றது? மாடிப்படியில மாடு இறங்கினா யாரு கண்ணை மூடுவா? எப்ப எந்தக் கால் வரும்னு தெரியாம உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன்." நோரா மடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அந்த இடம் நல்லாத்தான் இருக்கு, அந்த நிக்கற இடம். எங்க பக்கம் அது இல்லை."

"எடுத்துக்கங்க" என்றார் க்ளிஃப். "கழுவிக் குடுத்தா போதும்."

"இந்த ஆள் கால் வேணுமா இனிமே?" என்று நைஜல் நோராவிடம் கேட்டான். "இல்லாமயே நிக்க முடியுமா?"

நோரா யோசித்தார். "ஒருதரம் பாத்துட்டேனில்ல. இனிமே மறக்கவா போகுது?"

நைஜல் நிம்மதியாகக் குடித்தான். க்ளிஃப் தன் கிளாஸைப் பார்த்தார். காது சிவக்கிறதா என்று ஹேசல் பார்த்தாள். சிவந்திருந்தது. அவள் பலகாரத்தின் பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினாள்.

*

மறுநாள் காலை ஹேசல் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டு நனைந்திருந்தது. எப்படி நனைந்தது என்று செவிலி கேட்டாள். மழை என்றார். தையல் பிரியவில்லை. புதுக் கட்டுப் போட்டு, இன்னும் மூன்று வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றாள். முழங்கால் வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொன்னாள்.

பதினொரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு ஓட்டுநர் பாடம் இருந்தது. ரத்து செய்யாமல் போனார். வட்டச் சந்திப்பில் அவள் இரண்டு முறை எஞ்சினை அணையவிட்டாள். அவர் தன் பக்கத்து பிரேக்கை ஒரு முறை மிதித்தார், முழங்கால் வலித்தது.

பிற்பகலில் நைஜல் போன் செய்து நோராவின் எண் வேண்டும் என்றான். க்ளிஃப் எண்ணைச் சொன்னார். நைஜல் திருப்பிச் சொன்னதில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. திருத்திச் சொன்னார்.

ட்ரெவரின் கால்சட்டையை ஹேசல் துவைத்துப் போட்டாள். வெளியே மழை என்பதால் மணிப்பட்டைகளைச் சமையலறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் காயவைத்தார்கள்.